குரோமோசோம் எண்ணிக்கையில் தடுமாறும் மாணவர்கள்: உதவுங்கள்

வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்குச் செல் உயிரியல் நடத்துகிறேன். டிஎன்ஏ இரட்டிப்பானதுமே மனித செல்லில் குரோமோசோம் 92 ஆகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். இரட்டிப்பான குரோமோசோமின் இரண்டு இழைகளான குரோமாட்டிட்தான் 92; அவ்விழைகளை இணைக்கும் சென்ட்ரோமியர் பிரியும்வரை குரோமோசோம் 46தான். எத்தனை முறை சொன்னாலும் தேர்வில் அதே தவறு.

போன வாரம் குரோமாட்டிடுக்குக் கம்பளி நூல், சென்ட்ரோமியருக்குப் பிரஸ் பட்டன் என்று வைத்து, நூல்களில் பட்டனின் பாதிகளைத் தைத்து, அழுத்தி ஜோடி சேர்த்துக் கொடுத்தேன். ஒரு மாணவி பட்டனைப் பிய்த்துப் பார்த்து, "அப்போ அனாஃபேஸ்லதான் 92 ஆகுதா?" என்றாள் (குரோமாட்டிட்கள் பிரிந்து விலகும் கட்டம்தான் அனாஃபேஸ்). மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் விந்து, கருமுட்டை போன்ற செல்களை உருவாக்கும் இரண்டு கட்டப் பிரிவான மியாசிஸ்தான் பெரிய சிக்கல். முதல் பிரிவில் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த ஒத்த குரோமோசோம் ஜோடிகள்தான் பிரியும், பட்டன் பிரியாது என்பது இன்னும் பிடிபடவில்லை. புரியாதவர்கள் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்; அதுதான் எனக்கு அதிகக் கவலை.

நீங்கள் இதை எப்படி நடத்துகிறீர்கள்? வாய் திறக்காத பிள்ளைகளை எப்படிப் பேசவைக்கிறீர்கள்? திங்கட்கிழமை மறுபடியும் இதே பாடம்தான், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.