ப்ளூடூத் சேருது, ஆனா வண்டி பேச மாட்டேங்கு. 2008 பெட்ரோல் கார், உதவி பண்ணுங்க

கடையத்துக்காரன்:
அண்ணாச்சிமாரே, ரெண்டு நாளா இதோட மல்லுக்கட்டுதேன். எங்க அப்பா ஓட்டுன 2008 மாடல் பெட்ரோல் கார், ஒரு மாசமா செக் என்ஜின் லைட் எரியுது, வண்டி நின்னுட்டு இருக்கும்போது குலுங்கி ஆஃப் ஆயிரும் போல இருக்கு, ஓடும்போது ஒண்ணும் தெரியல. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேன் போடாமலே சென்சார் மாத்தணும்னு சொல்லிட்டாங்க, மனசு ஒப்பல. அதான் ஆன்லைன்ல ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒண்ணு வாங்குனேன், காரோட ஸ்கேன் சாக்கெட்ல சொருகி கோளாறை போன்ல படிக்கிற சாமான், உள்ள இருக்குற சிப்பு ஈஎல்எம்327 வெர்ஷன் 2.1னு போட்டிருக்கு. 1234 அடிச்சா போனோட சேந்துருது, ஆப்புல 12.3 வோல்ட்னு காட்டுது, அதுக்கு மேல ஈசியூவை, அதான் என்ஜின் கம்ப்யூட்டரை, தேடிக்கிட்டே கெடக்கு. போன் ஆண்ட்ராய்டு 13.

வள்ளியூர் டிரைவர்:
போன்தான் தம்பி. ஆண்ட்ராய்டு 12ல இருந்து பக்கத்து டிவைஸ் பெர்மிஷன் தனியா கேக்கும், அத குடுத்தியான்னு பாரு. இல்லைனா வைஃபை அடாப்டர் வாங்கிரு.

மேலப்பாளையம் மெக்கானிக்:
வைஃபைக்கு மாத்துனா இது தீராது. ஐபோன்காரங்களுக்கு வேணா பழைய ப்ளூடூத் அடாப்டர் சேராது, அவங்களுக்கு வைஃபையோ, பிஎல்இங்கிற புது மாதிரி ப்ளூடூத்தோ வேணும். தம்பி, இங்கன ரெண்டு பேச்சு நடக்கு: போனும் அடாப்டரும் ப்ளூடூத்ல பேசுது, அடாப்டரும் காரும் கம்பில பேசுது. ஒனக்கு முதல் பேச்சு நல்லாத்தான் இருக்கு. வோல்ட் காட்டுதுன்னு நம்பாத, சாக்கெட்ல 16ஆம் பின் நேரா பேட்டரில இருந்து வருது, அத அடாப்டரே அளந்து சொல்லிரும், ஈசியூ வாயத் தொறக்கவே வேண்டாம். சாவி ஆன்ல இருக்கட்டும். ஸ்டீரிங்குக்கு கீழ குனிஞ்சு, சாக்கெட்டோட அகலப் பக்கம் மேல வர்ற மாதிரி வச்சுப் பாத்தா மேல் வரிசை இடமிருந்து 1 முதல் 8, கீழ 9 முதல் 16. டார்ச் அடிச்சு எந்தெந்த ஓட்டைல பித்தளை தெரியுதுன்னு எழுது.

கடையத்துக்காரன்:
பாத்துட்டேன் அண்ணாச்சி. 4, 5, 7, 16 நாலுலதான் தகடு மின்னுது. 6உம் 14உம் வெறும் ஓட்டை, தூசிதான் இருக்கு.

மேலப்பாளையம் மெக்கானிக்:
அப்ப ஈசியூ பேசுற புது மாதிரி கம்பி, 6லயும் 14லயும் வர்ற கேன் லைன் கெடையாது, 7ல வர்ற பழைய மாதிரி கே-லைன் மட்டும்தான். நம்ம நாட்டுல ஓபிடி கட்டாயம் ஆனதே 2010ல, ஓபிடி-2 2013ல, அதுக்கு முந்தின வண்டி எல்லாம் கம்பெனி விருப்பம்தான். கே-லைன் மெதுவானது, செகண்டுக்கு 10,400 பிட், அத எழுப்புறதுக்கே தனி முறை இருக்கு. 2.1னு விக்கிற காப்பிகள்ல நெறைய சர்க்யூட்ல கே-லைன் பாகத்தையே விட்டுருப்பாங்க. அந்த சிப்பை மொதல்ல செஞ்ச கனடா கம்பெனி 2022ல மூடிட்டாங்க, அவங்க 1.5னு ஒரு வெர்ஷன் விட்டதே இல்ல, ஆனா 1.5னு விக்கிற காப்பிகள்ல சிலது கே-லைன் பேசும். ஆப்புல கட்டளை டைப் பண்ற டெர்மினல் இருந்தா, எந்த முறைல பேசணும்னு சொல்ற ஏடி எஸ்பி 5 அடிச்சுட்டு, ஈசியூவை கூப்பிட 0100 அடி. பஸ் இனிட் எரர்னு வந்தா 5க்கு பதிலா 3, 4னு மாத்தி அடிச்சுப் பாரு, மூணுக்கும் அதே வந்தா வேற அடாப்டர் கடன் வாங்கு. இன்னொண்ணு, ஈசியூ காட்டுற கோளாறு நம்பரை, அதான் கோடு, எழுதி வைக்காம அழிச்சிராத, கூடவே பதிவான விவரமும் போயிரும்.

கடையத்துக்காரன்:
மூணுக்கும் எரர்தான் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்துல கூட்டாளி ஒருத்தன்கிட்ட 1.5 இருந்துச்சு, நேத்து பஸ்ல போய் வாங்கிட்டு வந்து மாட்டுனேன், நாலஞ்சு செகண்டு யோசிச்சுட்டு சட்டுன்னு பேச ஆரம்பிச்சிருச்சு, எனக்கு கை நடுங்கிருச்சு! கோடு பி 0171. ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுன்னு காட்டுற லாங் டேர்ம் ஃபுவல் ட்ரிம் நின்னுட்டு இருக்கும்போது பிளஸ் 23, 2500 ஆர்பிஎம்ல வச்சா பிளஸ் 5. இதுக்கு என்ன அர்த்தம்?

மேலப்பாளையம் மெக்கானிக்:
காத்து கூட, பெட்ரோல் கம்மின்னு ஈசியூ நெனச்சு பெட்ரோலை கூட்டிக்கிட்டே போவுது. பெட்ரோல் பம்பு வீக்குன்னா ஆக்ஸிலேட்டர் குடுக்கக் குடுக்க அந்த நம்பர் ஏறும். ஒனக்கு எறங்குது, அப்ப எங்கயோ ஓட்டை வழியா கணக்குல இல்லாத காத்து உள்ள போவுது, ஐடில்ல அது பெருசாத் தெரியும், வேகத்துல கரைஞ்சிரும். சென்சார் மேல கை வைக்காத. என்ஜின் ஆறுன பெறகு, காத்தைத் தொறந்து விடுற த்ராட்டில் பாடிக்குப் பின்னால உள்ள வேக்கம் ஹோஸை, அதான் ரப்பர் குழாயை, ஒவ்வொண்ணா வளைச்சுப் பாரு.

கடையத்துக்காரன்:
கெடச்சிருச்சு அண்ணாச்சி! பெருவிரல் தண்டி ஹோஸ் ஒண்ணு, மேல பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு, அடிப்பக்கம் வளைச்சதும் வாய் பொளந்த மாதிரி வெடிப்பு, ரப்பர் காஞ்சு கருவாடா கெடந்துச்சு. புது ஹோஸும் க்ளிப்பும் போட்டு, அந்தக் கோளாறு கோடு அழிச்சுட்டு பாபநாசம் வரைக்கும் போயிட்டு வந்தேன், ட்ரிம் பிளஸ் 3ல நிக்கி, குலுங்கல் இல்ல. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

மேலப்பாளையம் மெக்கானிக்:
சந்தோசம் தம்பி. ராத்திரி அடாப்டரை கழட்டி வச்சிரு, சாவி ஆஃப்ல இருந்தாலும் அது பேட்டரிய இழுத்துக்கிட்டே இருக்கும்.

களக்காடு:
எங்கிட்ட கார்புரேட்டர் வண்டி அண்ணாச்சி, அதுக்கும் இப்படிப் பாக்கலாமா?

மேலப்பாளையம் மெக்கானிக்:
அதுல கேக்குறதுக்கு ஈசியூ இல்லையேப்பா, அடாப்டருக்கு காசு போடாத. குலுங்குதுன்னா ஹோஸை மட்டும் இதே மாதிரி வளைச்சுப் பாரு.