என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்): தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு கோச்சை மாற்றினால் சரியாகுமா?

நீலக்கோடு எழுதியது:

வணக்கம். ஐஸ் ஹாக்கி தொடர்ந்து பார்க்கும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. நவம்பர் நடுவில் 20 ஆட்டம் முடிந்து அணி அடியில் கிடந்தால் முதலில் உருளுவது கோச்சின் தலைதான். 2023இல் எட்மண்டன் அணி 3-9-1 என்று கிடந்தபோது (வெற்றி, தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி என்ற வரிசையில்) ஜே வுட்கிராஃப்டை அனுப்பிவிட்டு கிரிஸ் நாபிளாக்கைக் கொண்டுவந்தார்கள். அவருக்குக் கீழ் 46-18-5. ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். அதையே பஃபலோ 2021 மார்ச்சில் செய்தது. ரால்ஃப் க்ரூகரை எடுத்த பிறகும் ஆறு ஆட்டம் வெற்றி கிடைக்கவில்லை, வெற்றியில்லாத ஆட்டங்களின் எண்ணிக்கை 18இல் போய்த்தான் நின்றது.

எந்த அணிக்கு இது பலிக்கும், எதற்குப் பலிக்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பருவத்தின் நடுவில் வரும் கோச் உண்மையில் எதைத்தான் மாற்றுகிறார்?

எண்கணக்கு எழுதியது:

பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லலாம். பிடிஓ என்று ஒரு கணக்கு உண்டு. ஐவருக்கு ஐவர் ஆடும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அணியின் ஷாட் சதவீதத்தையும் சேவ் சதவீதத்தையும் கூட்ட வேண்டும். 400 ஷாட்டில் 28 கோல் என்றால் 7. எதிரணியின் 400 ஷாட்டில் 44 உள்ளே போயிருந்தால் சேவ் சதவீதம் 89. கூட்டினால் 96. ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் வாங்கிய கோல் என்பதால் லீக் முழுவதற்கும் கூட்டுத்தொகை 100. 96, 97இல் கிடக்கும் அணி காலப்போக்கில் தானாகவே மேலே வரும். அங்கே யார் வந்து பெஞ்சில் நின்றாலும் அவர் மாயம் செய்தது போலத் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

எட்மண்டன் அப்படிப்பட்ட அணிதான். எதிரணியை விட அதிக வாய்ப்புகளை உருவாக்கியும் தோற்றுக்கொண்டிருந்தது. அதன் கோலி (கோல் காப்பாளர்) ஜாக் கேம்பெல்லின் சேவ் சதவீதம் 5 ஆட்டத்தில் .873, அதாவது நூற்றுக்கு 87.3. ஓர் இரவுக்கு 30 ஷாட் வருகிறது என்று வையுங்கள். .870க்கும் .905க்கும் உள்ள வித்தியாசம் ஆட்டத்துக்கு ஒரு கோல். என்ஹெச்எல்லில் நடுத்தர அணியையும் முதல் இடத்து அணியையும் பிரிக்க அந்த ஒரு கோலே போதும். கோச்சை எடுப்பதற்குச் சில நாள் முன்பே கேம்பெல்லைக் கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ஷாட், வாய்ப்புக் கணக்கில் (இரு அணியின் மொத்தத்தில்) அணி 50 சதவீதத்துக்கு மேல் இருந்து பிடிஓ மட்டும் கீழே இருந்தால் மாற்றம் "பலிக்கும்". இரண்டுமே கீழே என்றால் யாரைக் கொண்டுவந்தாலும் சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

பெஞ்ச்பக்கம் எழுதியது:

எண்கணக்கு சார் சொல்வதில் பாதி சரி. ஆனால் கோச் என்பவர் கிளி ஜோசியத்தில் வரும் சீட்டு இல்லை. அவர் தொடக்கூடிய விஷயங்கள் தெளிவானவை, தொடும் வரிசையும் உண்டு.

முதல் நாளே மாற்றக்கூடியவை: யார் யாருடன் லைனில் (சேர்ந்து இறங்கும் மூன்று ஃபார்வர்டுகள்) ஆடுவது, யாருக்கு எத்தனை நிமிடம், பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) எந்த ஐவர், எந்த கோலி. இதற்குப் பயிற்சியே தேவையில்லை, காலையில் பலகையில் எழுதினால் போதும்.

அடுத்து ஃபோர்செக். எதிரணி தன் எல்லையிலிருந்து பக்கை (ரப்பர் வட்டு) வெளியே கொண்டுவருவதைத் தடுக்கும் முறை. 2-1-2 ஆடினால் இரண்டு ஃபார்வர்டுகள் ஆழமாகப் போய் நெருக்குவார்கள். அவர்களைத் தாண்டி ஒரு பாஸ் போய்விட்டால் நம் டிஃபென்ஸ் இருவர் மீது மூன்று பேர் பாய்ந்து வருவார்கள். டிஃபென்ஸ் வேகம் குறைந்த அணி இதை ஆடினால் கோலியின் எண்கள் நாறிப்போகும், பழி கோலி மேல் விழும். புதிய கோச் பலர் இதை 1-2-2 ஆக்குவது அதனால்தான். ஒருவர் மட்டும் உள்ளே போவார், இருவர் நடுப்பகுதியில் வழியை அடைப்பார்கள். இரண்டு மூன்று பயிற்சியில் பழகிவிடும். உடனே வாங்கும் கோல் குறையும், போடும் கோலும் கொஞ்சம் குறையும்.

கஷ்டமானது சொந்த எல்லைக்குள் தற்காப்பு. ஆளுக்கு ஆள் பிடிப்பது ஒரு முறை, இடத்தைக் காப்பது இன்னொரு முறை. மூலையில் பக் இருக்கும்போது ஒரு டிஃபென்ஸ்மேன் அங்கே போவார், சென்டர் (நடு ஃபார்வர்டு) அவருக்குத் துணையாகக் கீழே வருவார், மற்ற டிஃபென்ஸ்மேன் கோல் முன்னால் நிற்பார். ஆளுக்கு ஆள் முறையில் எதிரணி ஆள் மூலையிலிருந்து எல்லையின் நீலக்கோடு வரை சுற்றி ஓடினால் நம் ஆளும் கூடவே போக வேண்டும், வழியில் இன்னொருவரிடம் ஒப்படைப்பதென்றால் வாய் திறந்து கத்த வேண்டும். கத்தவில்லையா, ஒருவன் பின்னால் இருவர் போவார்கள், ஸ்லாட்டில் (கோலுக்கு நேர் முன்னால் உள்ள இடம்) ஒருத்தன் தனியாக நிற்பான். தோற்கும் அணியின் கோல்களை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பாதி இந்த ஒரே படம்தான். இதை மாற்றப் பல வாரம் ஆகும், ஏனென்றால் வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டம், நடுவில் விமானம், வீரர் சங்க ஒப்பந்தப்படி மாதத்துக்கு நான்கு நாள் முழு ஓய்வு. முழுப் பயிற்சி கிடைப்பதே அரிது. வந்த வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்றுபவர் இருந்ததையும் கெடுப்பார். வீரர் அரை நொடி யோசிக்கிறார், அந்த அரை நொடியில் பக் போய்விடுகிறது.

எட்மண்டனிலும் மாற்றம் தலைமைக் கோச்சோடு நிற்கவில்லை. டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்ட உதவிக் கோச் டேவ் மேன்சனும் போனார், அந்த இடத்துக்கு பால் காஃபி வந்தார். பக்கை ஓரத் தடுப்புக் கண்ணாடியில் அடித்து வெளியேற்றுவதை விட்டு, பிடித்து நிதானமாகப் பாஸ் கொடுக்கச் சொன்னார். அந்தப் பலனை பிடிஓ கணக்குக்குள் அடைக்க முடியாது.

கோல்வாசல் எழுதியது:

சென்ட் லூயிஸ் 2018-19 பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. எல்லோரும் அதைப் பாதி மட்டும்தான் சொல்கிறார்கள். மைக் யோவை நவம்பர் 19 அன்று 7-9-3இல் நீக்கினார்கள், கிரெய்க் பெரூபே வந்தார். வந்ததும் என்ன ஆனது? ஜனவரி 3 அன்று அணி 15-18-4, லீக்கிலேயே கடைசி. பெரூபேயின் முதல் 18 ஆட்டம் 8-9-1. மாற்றத்தால் எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிடலாம் போன்ற எண். ஜனவரி 7 அன்று கோலி ஜோர்டன் பின்னிங்டனுக்கு முதல் தொடக்க ஆட்டம் கொடுத்தார்கள், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 3-0. அங்கிருந்து அவர் 24-5-1, சேவ் சதவீதம் .927. ஜூன் 12 அன்று பாஸ்டனில் ஏழாவது ஆட்டத்தை 4-1 என்று வென்று கோப்பை.

அப்படியென்றால் கோலியா, கோச்சா? இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த டிசம்பரில் கட்டிய தற்காப்பு இல்லாவிட்டால் பின்னிங்டனுக்கு வந்த ஷாட்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். கோலி இல்லாவிட்டால் அந்தத் தற்காப்பு வெளியே தெரிந்திருக்காது.

இதை விட நல்ல சோதனை 2024 நவம்பர். ஒரே வாரத்தில் ஒரே மனிதரை வைத்து நடந்தது. பாஸ்டன் 8-9-3இல் ஜிம் மான்ட்கோமரியை நவம்பர் 19 அன்று நீக்கியது. 2022-23இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் சாதனை படைத்த அணியின் கோச் அவர். ஐந்தே நாளில் சென்ட் லூயிஸ், 9-12-1இல் இருந்தபோது, ட்ரூ பேனிஸ்டரை எடுத்துவிட்டு அவரையே அமர்த்தியது. சென்ட் லூயிஸ் மீதிப் பருவத்தில் 35-18-7, அதில் தொடர்ந்து 12 வெற்றி. பாஸ்டன் ஜோ சாக்கோவுக்குக் கீழ் 25-30-7.

மான்ட்கோமரி பாஸ்டனில் மறந்த வித்தையை ஐந்து நாளில் மறுபடி கற்றுக்கொண்டாரா? இல்லை. பாஸ்டனில் டிஃபென்ஸ்மேன் ஹாம்பஸ் லிண்ட்ஹோம் அதே நவம்பரில் காயத்தால் வெளியேறிப் பருவம் முழுக்கத் திரும்பவில்லை. கோடையில் கோலி லினஸ் உல்மார்க்கை ஒட்டாவாவுக்கு விற்றிருந்தார்கள். தனியாக நின்ற இன்னொரு கோலி ஜெரமி ஸ்வேமன் ஒப்பந்த இழுபறியால் பயிற்சி முகாமையே தவறவிட்டவர். பிப்ரவரியில் டிஃபென்ஸ்மேன் சார்லி மெக்அவாயும் காயத்தால் போனார். மார்ச்சில் அணித் தலைவர் பிராட் மார்ஷாண்டையே விற்றார்கள். இதில் எந்தக் கோச் என்ன செய்வார்? சென்ட் லூயிஸில் மாறாக டிலன் ஹாலவே, ஃபிலிப் புரோபர்க் என்று இளம் கால்கள் அந்தக் கோடையில்தான் வந்திருந்தன, டிசம்பரில் கேம் ஃபவுலரையும் வாங்கினார்கள். வளரும் பட்டியலுக்குச் சரியான கோச் கிடைத்தார், தேயும் பட்டியல் யாரை வைத்தும் தேய்ந்தது.

நீலக்கோடு எழுதியது:

அருமை. அப்படியென்றால் பட்டியலை மாற்றாமல் ஏன் எப்போதும் கோச்சை மாற்றுகிறார்கள்? கணக்குப்படி எப்போது காலம் கடந்துவிடுகிறது?

மூன்றாம்லைன் எழுதியது:

சம்பள உச்சவரம்புதான் காரணம். 2024-25இல் ஓர் அணியின் வீரர் சம்பளம் 8.8 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. கோச் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. டொரன்டோ மைக் பாப்காக்கை 2019 நவம்பரில் அனுப்பியபோது அவரது எட்டு வருட, 5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் மிச்சம். முதலாளியின் பையிலிருந்து போனது, பட்டியலில் ஒரு டாலர் கூட அசையவில்லை. வீரர் விஷயம் அப்படியல்ல. கேம்பெல்லுக்கு வருடம் 50 லட்சம் டாலர். கீழ் லீக்குக்கு அனுப்பியதில் வரம்பில் கிடைத்த இடம் 11.5 லட்சம்தான், மீதி 38.5 லட்சம் எட்மண்டன் கணக்கிலேயே கிடந்தது. நவம்பரில் எல்லா அணியும் வரம்பை ஒட்டி நிற்கும், நல்ல கோலியை யாரும் விற்க மாட்டார்கள்.

காலம் கடந்ததா என்பதற்கு மினசோட்டா 2023-24ஐப் பாருங்கள். டீன் எவாசன் போனபோது 5-10-4, அதாவது 19 ஆட்டத்தில் 14 புள்ளி (வெற்றிக்கு 2, கூடுதல் நேரத் தோல்விக்கு 1). ஜான் ஹைன்ஸ் 34-24-5 எடுத்தார். 63 ஆட்டத்தில் 73 புள்ளி, முழுப் பருவத்துக்கு, அதாவது 82 ஆட்டத்துக்கு, நீட்டினால் 95. நல்ல வேலை. ஆனால் அந்த வருடம் மேற்குப் பிரிவில் ப்ளேஆஃபுக்கான (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) கடைசி இடத்தைப் பிடித்த வேகஸ் எடுத்தது 98. அதைத் தொட ஹைன்ஸுக்கு 63 ஆட்டத்தில் 84 தேவைப்பட்டிருக்கும், அது 109 புள்ளி வேகம். அணித் தலைவர் ஜாரட் ஸ்பர்ஜன் காயத்தால் 16 ஆட்டம்தான் ஆடினார். கோச் மாற்றம் பலித்தது, ப்ளேஆஃப் கிடைக்கவில்லை. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

மான்ட்கோமரிக்கு 60 ஆட்டத்தில் தேவைப்பட்டது 77. சரியாக 77 எடுத்தார். 96இல் கால்கரியோடு சமநிலை, கூடுதல் நேரத்துக்குப் போகாமல் பெற்ற வெற்றிகளின் கணக்கில்தான் உள்ளே போனார்கள். பேனிஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுத்திருந்தால் அந்தக் கதவு அநேகமாக அடைபட்டிருக்கும். மாற்றுவதென்று முடிவெடுத்தால் அமெரிக்க நன்றிதெரிவிப்பு நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முன் மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீலக்கோடு எழுதியது:

கடைசியாக ஒன்று. புதிய கோச் வந்த முதல் பத்து ஆட்டத்தில் எதைக் கவனிப்பது? வெற்றி தோல்வியையா?

பெஞ்ச்பக்கம் எழுதியது:

அதைக் கவனிக்கவே வேண்டாம் தம்பி. ஹைன்ஸ் முதல் நான்கையும் வென்றார், ப்ளேஆஃப் இல்லை. 2015 டிசம்பரில் பிட்ஸ்பர்க் வந்த மைக் சல்லிவன் முதல் நான்கையும் தோற்றார், ஜூனில் கோப்பை. நாபிளாக்கும் முதல் ஐந்தில் மூன்று தோற்று அணி 5-12-1இல் நின்றது. அதற்குப் பிறகுதான் எட்டு தொடர் வெற்றி, கொஞ்ச நாளில் 16.

நான் பார்ப்பது ஷிஃப்ட் நேரம், அதாவது ஒரு வீரர் பெஞ்சுக்குத் திரும்பும் முன் தொடர்ந்து ஆடும் நேரம். நல்ல அணி 45 நொடிக்குள் இறங்கி ஏறும். இரண்டாம் பகுதியில் பக்கம் மாறுவதால் நம் பெஞ்ச் நம் கோலிலிருந்து தூரமாகிவிடும், அங்கேதான் களைத்த ஐவர் மாட்டிக்கொண்டு 70, 80 நொடி தவிப்பார்கள். அந்த நீண்ட ஷிஃப்ட்கள் குறைகின்றனவா என்று எண்ணுங்கள். அடுத்து ஸ்லாட்டிலிருந்து எதிரணி அடிக்கும் ஷாட். மொத்த ஷாட் 32 ஆகவே இருக்கலாம், ஆனால் ஸ்லாட் ஷாட் 12இலிருந்து 7 ஆனால் வேலை நடக்கிறது. மூன்றாவது, 2-0 பின்தங்கியதும் லைன்களைக் கலைத்துப் போடுகிறாரா, போட்டதையே நம்பி விடுகிறாரா என்று பாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் கலைத்தால் அவருக்கே இன்னும் விடை தெரியவில்லை என்று பொருள்.

எண்கணக்கு எழுதியது:

அந்த ஸ்லாட் ஷாட் கணக்கை 20, 25 ஆட்டம் வரை எழுதி வாருங்கள். பெரூபேயின் முதல் 18ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கோலிக்கு மட்டும் அதுவும் போதாது. 25 ஆட்டத்தில் ஒரு கோலி 700 ஷாட் பார்த்திருப்பார், .900க்கும் .910க்கும் வித்தியாசம் 7 கோல்தான். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பக்குகளே அந்த ஏழை உண்டாக்கிவிடும்.