கல்லறைத் திருநாள் அயர்லாந்துப் பேய்த் திருவிழாவில இருந்து வந்ததா?

கேள்வி: மலைவீட்டு மருமக, ஏற்காடு

வணக்கங்க. நாங்க ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக் குடும்பம், ஆர்.சி. கிறிஸ்தவங்க. மாமனார் தோட்டத்துல ரைட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் போனதுல இருந்து நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மொத்தக் குடும்பமும் அவர் கல்லறையில கூடுவோம்.

ஐப்பசி மழையில கல்லெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்கும். முந்தின வாரமே கொடுவாள் முனையில சுரண்டி, தேங்கா நாருல தேய்ச்சு, சுண்ணாம்பு அடிச்சு, பேரெழுத்துக்கு மட்டும் கறுப்பு பெயிண்ட் இழுத்து விடுவோம். அன்னைக்கு மலைக்காத்துல மெழுகுவத்தி நிக்காதுங்க, அதனால கொட்டாங்குச்சிக்குள்ள நட்டு வைப்போம். சாமியார் பூசை முடிச்சு ஒவ்வொரு கல்லறையா வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுட்டுப் போவார். அவர் அடுத்த கல்லறைக்கு நகர்ந்ததும் மாமியார் ஒரு டம்ளர் கடுங்காப்பி, கருப்பட்டி போட்டது, தலைமாட்டுல வைப்பாங்க. மாமாவுக்கு அது இல்லாம பொழுது விடியாது.

இப்ப விஷயம் என்னன்னா, என் நாத்தனார் சேலத்துல ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போறா. ரொம்ப நல்ல பொண்ணு, அவ அப்பா மேல உசுரு. போன வாரம் வாட்ஸ்அப்புல பேசி அனுப்பியிருக்கா: "அண்ணி, இந்த வருஷம் நான் கல்லறைக்கு வரலை. அயர்லாந்துல சம்ஹைன்னு செத்தவங்களுக்கு ஒரு தெய்வம் இருந்துச்சாம், அதுக்குக் கொண்டாடின பேய்த் திருவிழாதான் ஹாலோவீன், அதைத்தான் போப்பாண்டவர் கல்லறைத் திருநாள்னு மாத்திட்டார். அம்மாவையும் காப்பி வைக்க வேண்டாம்னு சொல்லுங்க." மாமியார் அதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசலை, அன்னைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

எனக்குச் சண்டை போட வேண்டாம். அவ சொல்றது உண்மையா இல்லையான்னு வரலாறு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: அஸ்தம்பட்டி சகோ

சகோதரி, உங்க நாத்தனார் சொல்றது சரிதான். தேதியைப் பாருங்க: அக்டோபர் 31 ஹாலோவீன், நவம்பர் 1 புனிதர்கள், நவம்பர் 2 ஆத்துமாக்கள். மூணும் ஒட்டிக்கிட்டே வருது. புறஜாதிப் பண்டிகைக்கு மேல சட்டை மாட்டி விட்டதுதான் இது. மரிச்சவங்களுக்கு நாம செய்யுறதுக்கு ஒண்ணும் இல்லை, அவங்க தேவனோட கையில இருக்காங்க. செத்தவங்களுக்குப் படைக்கிறதைப் பத்தி பைபிள்ல உபாகமம் 26:14 வாசிச்சுப் பாருங்க. உங்க அத்தையைப் புண்படுத்தச் சொல்லலை, அன்போட எடுத்துச் சொல்லுங்க.

பதில்: சூரமங்கலம் வாத்தியார்

அம்மா, நான் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். நானும் ஆர்.சி.தான். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துப் படிங்க.

சம்ஹைன்னு ஒரு திருநாள் அயர்லாந்துல இருந்தது உண்மை. நவம்பர் 1, குளிர்காலத் தொடக்கம். கோடையெல்லாம் மேய்ச்சலுக்கு விட்ட மாட்டைக் கீழே ஓட்டிட்டு வருவாங்க, ராஜாக்கள் விருந்து வைப்பாங்க. அன்னைக்கு ராத்திரி குன்றுகள் திறந்து அதுக்குள்ள வாழுற மாயக் கூட்டம் வெளியே வரும்னு கதைகள் உண்டு. ஆனா அந்தக் கதைகளை ஏட்டுல எழுதினவங்க யாருன்னா கிறிஸ்தவத் துறவிகள், அதுவும் அயர்லாந்து கிறிஸ்தவத்துக்கு வந்து நூற்றாண்டுகள் கழிச்சு. அந்த ஏடுகள்ல சம்ஹைன் ராத்திரி செத்துப்போன சொந்தபந்தத்துக்குப் படையல் வச்சதாவோ, கல்லறைக்குப் போனதாவோ சேதி இல்லை.

சம்ஹைன்னு ஒரு தெய்வமும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டுல சார்லஸ் வலன்சின்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், ஐரிஷ்காரங்க கீழ்த்திசையில இருந்து வந்தவங்கன்னு நிரூபிக்கக் கிளம்பி, கற்பனையில கட்டி எழுப்பின தெய்வம் அது. அது இன்னைக்கு சேலத்து வாட்ஸ்அப் வரைக்கும் நடந்து வந்திருக்கு.

அப்ப செத்தவங்க தொடர்பு எங்க இருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டு கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலும் ஜான் ரீஸ், ஜேம்ஸ் ஃப்ரேசர்னு ரெண்டு அறிஞர்கள் எழுதினதுல இருந்து. ரீஸ் அதை அயர்லாந்துப் பக்கத்துப் பழங்குடிகளான கெல்ட் மக்களோட வருஷப் பிறப்புன்னார். ஃப்ரேசர், நவம்பர் 2 ஆத்துமாக்கள் நாளா இருக்கிறதால அதுக்கு முன்னாடியும் அந்தச் சமயம் செத்தவங்களுக்கான நாளாத்தான் இருந்திருக்கணும்னு பின்னோக்கி ஊகிச்சார். அதாவது கிறிஸ்தவத் திருநாளை வச்சுத்தான் பழைய திருநாளுக்கு அர்த்தம் சொன்னாங்க. இப்ப நாம அந்த அர்த்தத்தை வச்சு கிறிஸ்தவத் திருநாளோட வேரைத் தேடறோம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ரொனால்ட் ஹட்டன் 1996ல இந்த ஆதாரங்களை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்து இதைத் தெளிவா சொல்லிட்டார்.

இனிமே தேதிக்கு வர்றேன், இதுதான் முக்கியம். ரோம்ல பாந்தியோன்னு இருந்த பழைய கோயிலை 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல நாலாம் போனிஃபாஸ் போப்பாண்டவர் மாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் நேர்ந்து விட்டார். அது நடந்தது மே 13. நவம்பர் இல்லை. அயர்லாந்துல என்ன நடந்தது? டப்ளின் பக்கத்துல டாலட் மடத்துல 800 வாக்குல எழுதின புனிதர் நாட்குறிப்புல, சகல புனிதர்கள் நாள் ஏப்ரல் 20ன்னு இருக்கு. யோசிச்சுப் பாருங்கம்மா. சம்ஹைனை மறைக்கத்தான் நவம்பர் 1ஐப் புனிதர்களுக்குக் கொடுத்தாங்கன்னா, சம்ஹைன் கொண்டாடின தேசமே அதை ஏப்ரல்ல வச்சுக்கிட்டு இருந்திருக்குமா? நவம்பர் 1 பரவினது ஐரோப்பா நிலப்பரப்புல, பிராங்க் அரசர்கள் நாட்டுல. 835ல லூயி பேரரசர் தன் ராஜ்ஜியம் முழுக்க அதை நிலைநாட்டினார், அப்ப போப்பாண்டவர் நாலாம் கிரகோரி.

நம்ம நாளான நவம்பர் 2 இன்னும் தள்ளி வந்தது. பிரான்ஸ்ல பர்கண்டிப் பக்கம் க்ளூனின்னு பெரிய மடம். அதோட தலைவர் புனித ஓடிலோ, 10ஆம் நூற்றாண்டு முடியற தறுவாயில, தன் கீழ இருந்த மடங்கள் எல்லாத்துலயும் புனிதர்கள் நாளுக்கு மறுநாள் இறந்த விசுவாசிகள் அத்தனை பேருக்கும் ஜெபிக்கணும்னு ஏற்பாடு பண்ணினார். புனிதர்களை நினைச்ச கையோட, பேர் தெரியாம போனவங்களையும் நினைக்கணும்னு. அங்க இருந்து அது உலகம் பூரா போச்சு. முதல் உலகப்போர்ல செத்தவங்க குவிஞ்சப்ப, 1915ல போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்ட் அன்னைக்கு ஒவ்வொரு குருவும் மூணு பூசை வைக்கலாம்னு அனுமதி கொடுத்தார்.

திருச்சபை பழைய கோயில்களை, பழக்கங்களை எடுத்துக்கவே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 601ல போப்பாண்டவர் முதலாம் கிரகோரியே மெல்லிட்டஸ்ங்கிற துறவிக்கு, இங்கிலாந்துல கோயில்களை இடிக்காதீங்க, விக்கிரகத்தை மட்டும் எடுத்துட்டு மந்திரிச்சு வச்சுக்குங்கன்னு எழுதினார். பழைய ரோமர்கள்ல செத்தவங்களுக்கான சடங்கும் இருந்தது. மே மாசம் 9, 11, 13 தேதிகள்ல நடுராத்திரி வீட்டுத் தலைவன் வெறுங்காலோட நடந்து, கறுப்பு மொச்சையைப் பின்பக்கமா வீசிக்கிட்டே, "இதைக் கொடுத்து என்னையும் என் குடும்பத்தையும் மீட்டுக்கறேன்"னு ஒன்பது தடவை சொல்லுவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த 13ஆம் தேதிதான் பாந்தியோன் நாளும். இதை வச்சு யாராவது வாதாடினா உட்கார்ந்து பேசலாம். அயர்லாந்து வழிக்கு அந்த அளவுகூடப் பிடிமானம் இல்லை. ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம் நடந்தா ரெண்டு வீடும் சம்பந்தி ஆயிடுமா?

கடைசியா அந்தக் காப்பி டம்ளர். அது க்ளூனியில இருந்தும் வரலை, அயர்லாந்துல இருந்தும் வரலை. நம்ம பக்கத்து தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் செத்து நடுகல் ஆனப்ப ஔவையார் பாடினது புறநானூற்றுல 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்துல கள் ஊத்தறாங்க. மலையோட நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்குவானான்னு ஔவை கேக்கறாங்க. உங்க மாமியார் தலைமாட்டுல டம்ளரை வைக்கிறப்ப அந்தக் கேள்வியைத்தான் கேக்கறாங்க. இந்த மண்ணுல கிறிஸ்தவ வேதம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த பாசம் அது. அதைப் பேய்த் திருவிழான்னு சொன்னதுக்கு அந்த அம்மா சாப்பிடாம படுத்தாங்கன்னு படிச்சதும் எனக்கு மனசு ஆறலை.

பதில்: மேட்டூர்க்காரன்

வாத்தியார் சார், அருமை. ஒரு சந்தேகம். எங்க வீட்டுல புரட்டாசி மகாளய அமாவாசைக்குக் காவிரியில முழுகி, எள்ளும் தண்ணியும் விட்டு, காக்காவுக்குச் சோறு வச்சுட்டுத்தான் நாங்க சாப்பிடுவோம். அதுவும் ஏறக்குறைய இதே சமயம்தான். மெக்சிகோவுலயும் நவம்பர் 1, 2ல செத்தவங்களுக்குச் செவ்வந்தி மாதிரிப் பூ வச்சுப் படையல் போடறாங்க. எல்லாத்துக்கும் ஒரே ஆதி வேர் இருக்கும்னு எங்க சித்தப்பா சொல்லுவார். இருக்குமா?

பதில்: சூரமங்கலம் வாத்தியார்

தம்பி, மகாளயம் சந்திரனோட தேய்பிறைக் கணக்கு, நவம்பர் 2 மாறாத தேதி. நம்ம பக்கம் ஆடி அமாவாசை, தை அமாவாசையும் பித்ருக்களுக்கு உண்டே, அது ரெண்டும் இந்தச் சமயத்துல வர்றதில்லையே. மெக்சிகோவுக்குத் தேதி ஸ்பானியக் குருமார்களோட போச்சு. அங்க ஏற்கெனவே இறந்தவங்களுக்கு இருந்த மரியாதை அந்தத் தேதியில வந்து உட்கார்ந்தது. செத்தவங்களை மனுஷன் எல்லா ஊர்லயும் தானாவே நினைக்கிறான். அதை இன்னொரு ஊர்ல போய்க் கத்துக்க வேண்டியது இல்லை. உங்க சித்தப்பாவோட எனக்கு இதுல ஒத்துப்போகலை.

அஸ்தம்பட்டி சகோதரருக்கு ஒண்ணு. இறந்தவங்களுக்காக ஜெபிக்கலாமா கூடாதாங்கிறது நிஜமான வேத வித்தியாசம். எங்க பைபிள்ல இரண்டாம் மக்கபேயர் 12ஆம் அதிகாரம் இருக்கு. யூதா மக்கபே போர்ல செத்தவங்களுக்காகப் பாவப் பரிகாரப் பலி கொடுக்கச் சொல்லி எருசலேமுக்குப் பணம் அனுப்பினார்னு அதுல வருது. உங்க புராட்டஸ்டண்ட் பைபிள்ல அந்தப் புஸ்தகம் இல்லை. செத்த ஆத்துமா மோட்சம் போறதுக்கு முன்னாடி சுத்தமாகிற இடம், அதாவது உத்தரிக்கிற ஸ்தலம், உண்டா இல்லையான்னு 16ஆம் நூற்றாண்டுல இருந்து வாதம் நடக்குது. அந்த வாதத்தை மரியாதையா நடத்தலாம், அதுக்கு சம்ஹைன் தேவையில்லை.

பதில்: அஸ்தம்பட்டி சகோ

ஐயா, டாலட் நாட்குறிப்பு விஷயம் எனக்குப் புதுசு. இனி அந்த ஃபார்வர்டை நான் அனுப்பமாட்டேன். ஜெபத்தைப் பத்தின என் நிலை மாறலை. சகோதரி, உங்க மாமியாருக்கு என் அன்பைச் சொல்லுங்க.

பதில்: மலைவீட்டு மருமக, ஏற்காடு

வாத்தியார் ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க. ஔவையார் பாட்டை மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்ப நான் வைக்கலாம்ல?"னு மட்டும் கேட்டாங்க. நாத்தனாருக்கும் உங்க பதிலை அப்படியே அனுப்பியிருக்கேன். தேதி விஷயத்தை ஒத்துக்கிட்டா. ஆனா கல்லறையில கூட்டத்தோட நின்னு ஜெபமாலை சொல்ல அவளுக்கு மனசு வரலையாம், அப்பாவைப் பார்க்காம இருக்கவும் முடியலையாம். என்ன பண்ணலாம்? இன்னொண்ணு, பையன் ஸ்கூல்ல 31ஆம் தேதி வேஷம் போட்டு வரச் சொல்லியிருக்காங்க. அனுப்பலாமாங்க?

பதில்: சூரமங்கலம் வாத்தியார்

ஸ்கூல் வேஷத்துக்கு பயப்பட வேண்டாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராமத்துப் பிள்ளைங்க விளையாட்டு அது. டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு உள்ள விளக்கு வைப்பாங்க. 1840கள்ல உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போனவங்களோட அந்தப் பழக்கமும் போச்சு. அங்க அரசாணிக்காய் (பரங்கிக்காய்) மலிவு, குடையவும் சுலபம், அதனால அது வந்து ஒட்டிக்கிச்சு. பையனுக்கு ஆசையா இருந்தா அனுப்புங்க.

நாத்தனார் 2ஆம் தேதியே வரணும்னு இல்லை. நவம்பர் 1ல இருந்து 8 வரைக்கும் கல்லறைச் சந்திப்பு நாட்களாத்தான் திருச்சபையே வச்சிருக்கு. கூட்டம் கலைஞ்ச பிறகு, 4ஆம் தேதியோ 5ஆம் தேதியோ அவங்க வீட்டுக்காரரோட மலையேறி வரட்டும். சாமியார், ஜெபமாலை, தீர்த்தம் எதுவும் இருக்காது. அவங்க அப்பா முன்னாடி அவங்க வழியில ஜெபிச்சுட்டுப் போகட்டும். மாமியார்கிட்ட இதை நீங்க சொல்றதைவிட அவங்களே போன் போட்டுச் சொன்னா நல்லது.

வர்றப்ப வ.உ.சி. பூ மார்க்கெட்ல சாமந்தி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. 2ஆம் தேதி தாண்டிட்டா விலையும் இறங்கிடும்.