நிலம்-கட்டட மதிப்பீட்டாளராக சிவில் பட்டம் எதற்கு?

குமரன் (திண்டுக்கல்)

பி.காம் முடித்துவிட்டு அப்பாவோடு மனை வியாபாரத்தில் இருக்கிறேன். நத்தம் ரோட்டில் எந்த இடம் என்ன விலைக்குக் கைமாறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சரி, முறைப்படி மதிப்பீட்டாளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று விசாரித்தால், நிலம்-கட்டடப் பிரிவுக்கு சிவில், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு இந்த மூன்றில் ஒரு பட்டம் வேண்டுமாம். பட்டத்துக்குப் பிறகு ஐந்து வருட அனுபவம் வேறு. இதே நான் எம்பிஏ ஃபைனான்ஸ் படித்து மூன்று வருடம் ஓட்டினால், தேர்வெழுதி கம்பெனிப் பங்குகளுக்கு மதிப்புப் போடலாம். எங்கள் தெரு மனைக்குப் போட முடியாது. எதை நினைத்து இந்த விதியை எழுதினார்கள்?

முகில் (சிவில், கோவை)

தம்பி, முதலில் முழு நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 247-வது பிரிவு, அதன் கீழ் 2017 அக்டோபரில் வந்த விதிகள். நிர்வகிப்பது திவால் வாரியமான ஐபிபிஐ. பட்டமும் அனுபவமும் இருப்பவர் ஒரு ஆர்விஓ-வில், அதாவது அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பில் சேர்ந்து 50 மணி நேர வகுப்பை முடிக்க வேண்டும். பிறகு கணினித் தேர்வு. 60 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி, தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கு போகும். தேறி மூன்று வருடத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சிவில் எதற்கு என்று கேட்டீர்கள். சீலிங்கில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த வீட்டுக்குப் புட்டி பூசி, பெயின்ட் அடித்து, நேற்று குடிபுகுந்த வீடு மாதிரி நிறுத்துவார்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கெட்டியான இடத்தில் 'டங்' என்று வரும், உள்ளே காரை விட்டுப்போன இடத்தில் 'டொப்' என்று வரும். அதைக் கேட்டு இந்தக் கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று எழுதுவது தரகுத் தொழிலில் பழகும் விஷயமில்லை.

ஆவணச்சித்தர் (மதுரை)

சுத்தியல் எல்லாம் சரி சார், கணக்கைப் பார்ப்போமா? ஐந்து சென்ட் மனை, சென்ட் எட்டு லட்சம் என்றால் நிலம் 40 லட்சம். அதில் 20 வருடப் பழசான 1,200 சதுர அடி வீடு. இன்றைக்குக் கட்ட சதுர அடிக்கு 2,000 என்று வையுங்கள், 24 லட்சம். ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று போட்டால் தேய்மானம் 30 சதவீதம். வீட்டு மதிப்பு 16 லட்சத்து 80 ஆயிரம். உங்கள் காது ஏமாந்து தேய்மானம் 30-க்குப் பதில் 40 என்றானால் பிசகு 2 லட்சத்து 40 ஆயிரம். சென்ட் விலையில் 20 சதவீதம் தப்பினால் 8 லட்சம். பெரிய ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது?

அந்த சென்ட் விலையை சிவில் பாடத்தில் எங்கே சொல்லித் தருகிறார்கள்? பத்திர நகல் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகைதான் எழுதியிருக்கும். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்ததே, மறுநாள் மனை விலை மூன்றில் ஒரு பங்கா இறங்கியது? உண்மை விலை வாங்கினவர், விற்றவர், நடுவில் நின்ற குமரன், பத்திரம் எழுதிய நான், இவ்வளவு பேருக்குத்தான் தெரியும்.

முகில்

அந்த எட்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? மனையின் விலை அதில் என்ன கட்டலாம் என்பதைப் பொறுத்தது. தெரு அகலம் எவ்வளவு, எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி வரும், தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, எவ்வளவு. இதெல்லாம் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. ஒரே நகரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் சென்ட் விலை ஏன் வேறு என்று தரகர் வாயால் சொல்வார், நான் வரைபடம் போட்டுக் காட்டுவேன். அனுமதி வாங்கியது தரைத்தளமும் முதல் தளமும், கட்டியிருப்பது மூன்றாவது தளம் வரைக்கும் என்றால் அந்த மேல் மாடிக்கு மதிப்புப் போடலாமா கூடாதா என்பதும் ரிப்போர்ட்டில்தான் தெரிய வேண்டும்.

இன்னொன்று. தரகருக்கு விலை தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலை ஏறினால் தரகும் ஏறும். அவர் கையில் மதிப்பீட்டைக் கொடுப்பது எப்படிச் சரி?

ஆவணச்சித்தர்

சதவீதத்தைப் பற்றி நீங்கள் பேசலாமா சார்? செல்வ வரிச் சட்டம் 34ஏபி பிரிவில் பதிவான மதிப்பீட்டாளருக்கு விதியிலேயே கட்டண அட்டவணை இருந்ததே, அது எப்படி? சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்றுதானே? சொத்தைக் கூட்டி எழுதினால் கட்டணமும் கூடும். செல்வ வரியையே 2015-ல் ஒழித்துக்கட்டினார்கள். வரி போன பிறகும் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுத்தான் வங்கிகள் பேனலில், அதாவது தங்கள் மதிப்பீட்டாளர் பட்டியலில், சேர்த்தன. பழைய சொத்தை விற்றுவிட்டு, 2001 ஏப்ரல் 1 மதிப்பு வேண்டும் என்று மூலதன ஆதாய வரிக் கணக்குக்கு ஓடுகிறவர்களும் அதே ஆட்களிடம்தான் போனார்கள். பட்டத்துக்குப் பிறகு பத்து வருட அனுபவம் கேட்ட பதிவு அது, ஐபிபிஐ கேட்பது ஐந்து. ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு விதமான தகுதி என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

குமரனின் கேள்வியில் இருக்கும் முக்கியமான இடத்தை யாரும் தொடவில்லை. விதி கேட்கும் அந்த ஐந்து வருட அனுபவம் சம்பந்தப்பட்ட துறையில். சிவில்காரர் ஐந்து வருடமும் சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டு நின்றாலும் கணக்கில் வரும். ஒரே ஒரு மதிப்பீட்டு ரிப்போர்ட்கூட எழுதியிருக்க வேண்டியதில்லை.

தமிழ்ச்செல்வி (டல்லாஸ்)

வணக்கம். நான் டெக்சாஸில் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர். படித்தது தாவரவியல்! இங்கே என்ன பட்டம் என்று பார்ப்பதில்லை. குடியிருப்பு வீடுகளுக்கான முதல் நிலை உரிமத்துக்குக் கல்லூரிப் பட்டமே தேவையில்லை, 150 மணி நேரப் பாடமும் 1,000 மணி நேர அனுபவமும் போதும். வணிகக் கட்டடம் உட்பட எல்லாவற்றுக்கும் மதிப்புப் போடும் மேல்நிலைச் சான்றிதழுக்கு 300 மணி நேரப் பாடம், 3,000 மணி நேரம், கூடவே ஏதாவது ஒரு பட்டம். அந்த மணி நேரம் எல்லாமே மதிப்பீட்டு வேலையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலையையும் பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் தேர்வு. 1980-களில் சேமிப்பு-கடன் நிறுவனங்கள் வரிசையாக விழுந்தபோது ஊதிப்பெருக்கிய மதிப்பீடுகளும் ஒரு காரணமென்று தெரிந்து, 1989-ல் சட்டம் போட்டார்கள். இந்த ஏற்பாடு அங்கிருந்து வந்தது.

முகில்

சகோதரி, அப்போது கட்டடம் விழும் நிலையில் இருந்தால் யார் சொல்வார்கள்?

தமிழ்ச்செல்வி

நான் பார்த்ததை எழுதுவேன், சந்தேகம் வந்தால் பொறியாளரின் ஆய்வு வேண்டும் என்று ரிப்போர்ட்டில் நிபந்தனை போடுவேன். வாங்குகிறவர் தனியாக வீட்டுப் பரிசோதகரை வைத்துக்கொள்வார். அது வேறு தொழில், வேறு உரிமம்.

ஆனால் எங்கள் ஊரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். மேற்பார்வையாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர் குறைந்தது மூன்று வருடம் சான்றிதழோடு இருந்தவராக இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் மூன்று பயிற்சியாளருக்கு மேல் வைக்கக் கூடாது. நாளைக்குப் போட்டிக்கு வரப்போகிறவளுக்கு எதற்குத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்று நிறையப் பேர் கதவையே திறக்க மாட்டார்கள். அப்பா மதிப்பீட்டாளராக இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். சமீபத்தில்தான் மேற்பார்வையாளர் இல்லாமல் கணினிப் பயிற்சியிலேயே அனுபவ மணியைக் கணக்குக் காட்டும் வழி வந்தது. ஆவணச்சித்தர் ஐயாவுக்கு ஒரு தகவல்: டெக்சாஸிலும் விற்ற விலையை அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தரகர்கள் சேர்ந்து நடத்தும் பட்டியலில் விற்ற விலை பதிவாகிவிடும், பணம் கட்டி நாங்கள் அதைப் பார்ப்போம். அது இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பும் தரகரிடம் வாய்வழி கேட்பதுதான்.

வங்கி ஓய்வு (திருச்சி)

ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வங்கி என்பது வேண்டாம். பட்டம், அனுபவம், தேர்வு எல்லாம் பேசியாயிற்று. கிளையில் நடப்பதைச் சொல்கிறேன். கடன் தொகை முதலில் முடிவாகும், மதிப்பு பிறகு வரும். மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பதற்குள் போன் போகும்: "சார், 62 வருமா?" அவர் 55 என்பார். "கொஞ்சம் பாருங்க சார், பார்ட்டி நல்ல பார்ட்டி." மறுநாள் ரிப்போர்ட்டில் 61 லட்சத்து 80 ஆயிரம் இருக்கும். 62 என்று முழுசாகப் போட்டால் சந்தேகம் வருமல்லவா! மாட்டேன் என்றவருக்கு அடுத்த மாதம் வேலை வராது. பேனலில் பெயர் இருக்கும், போன் மட்டும் அடிக்காது. 50 கோடியும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி ரிப்போர்ட் வாங்கச் சொல்லி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நான் இருந்தவரை 60 லட்ச வீட்டுக்கு ஒன்றே போதும்.

பட்டம் பற்றி ஒரு விஷயம் மட்டும். லேஅவுட்டில் மனை எண் 14 அடமானம். மதிப்பீட்டாளர், நல்ல சிவில்காரர்தான், போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டோவோடு அழகான ரிப்போர்ட் கொடுத்தார். தூண், பீம், தளம் எல்லாம் விலாவாரியாக. கடன் வாராமல் போய் ஏலத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, அவர் பார்த்தது பக்கத்து வீடு. கடன்காரர் கையைக் காட்டிய வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். 14-ம் எண் காலி மனை. சர்வே துறையின் எஃப்எம்பி (நில அளவை) வரைபடத்தை எடுத்து நாலு பக்க அளவை ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

ஆவணச்சித்தர்

இதைத்தான் நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சர்வே எண், உட்பிரிவு, பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கம். இதை வரிசையாக வைத்துப் படிக்கத் தெரியாதவர் எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன?

முகில்

அந்த ரிப்போர்ட்டுக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை, அது சோம்பேறித்தனம். எல்லையை அளப்பதும் சர்வேயும் சிவில் பாடம்தான் ஐயா, அவர் செய்யவில்லை, அவ்வளவே. சொத்து மாற்றுச் சட்டம், பதிவுச் சட்டம், முத்திரைச் சட்டம், ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் எல்லாம் ஐபிபிஐ தேர்வுப் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. உரிமை மூலம் சரியா என்று கருத்துச் சொல்வது வங்கி வக்கீல் வேலை. அதையும் மதிப்பீட்டாளர் தலையில் கட்டினால் நாளைக்கு வக்கீல் தப்பித்துக்கொள்வார்.

ஐந்து வருடம் கான்கிரீட் போட்டாலும் கணக்கு என்றீர்கள், அங்கே எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. அனுபவத்தில் பாதியாவது ஒரு மதிப்பீட்டாளரின் கீழ் இருக்க வேண்டும் என்று வைக்கலாம். அதற்காகப் பட்டத்தை எடுத்துவிடச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வங்கி ஓய்வு

யார் கீழ் அனுபவம்? 61 லட்சத்து 80 ஆயிரம் போடுகிறவர் கீழா? அவரிடம் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள். இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டம், தேசிய மதிப்பீட்டாளர் நிறுவனம் எல்லாம் வேண்டும் என்று அரசு அமைத்த நிபுணர் குழுவே 2020-ல் வரைவு மசோதாவோடு அறிக்கை கொடுத்தது. அது சட்டமாகவில்லை. மதிப்பீட்டாளரைக் கிளை தேர்ந்தெடுக்கக் கூடாது, வேறு ஊரிலிருந்து குலுக்கலில் வர வேண்டும். அதைச் செய்யாமல் தகுதியை எவ்வளவு உயர்த்தினாலும் போன் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆவணச்சித்தர்

வேறு ஊர்க்காரருக்கு இந்த ஊர் சென்ட் விலை எப்படித் தெரியும் சார்? மறுபடியும் குமரனுக்குத்தான் போன் போடுவார்!

குமரன்

போடட்டும், சொல்கிறேன். சரி, பட்டமில்லாமல் எனக்கு வழியே கிடையாதா?

முகில்

விதியின் அட்டவணையில் ரியல் எஸ்டேட் மதிப்பீட்டில் முதுநிலைப் படிப்பும் இருக்கிறது, அதற்கு மூன்று வருட அனுபவம். ஆனால் இரண்டு வருட முழுநேரப் படிப்பு என்று போட்டிருக்கிறார்கள், தபாலில் படித்தது எடுபடாது. பி.காம்-ஐச் சேர்ப்பார்களா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. பணம் கட்டுவதற்கு முன் ஆர்விஓ-வுக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குமரன்

இரண்டு வருடம் கடையை விட்டுப் போனால் அப்பா என்னை விட்டுவிடுவார். தங்கச்சி சிவில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவள் முடித்து, அனுபவம் சேர்த்து, தேர்வும் எழுதிவிட்டால் நாங்கள் விற்கும் மனைகளுக்கு அவளே ரிப்போர்ட் போடலாம்தானே?

முகில்

தப்பித்தவறியும் வேண்டாம். தனக்கோ உறவினருக்கோ சம்பந்தமுள்ள வேலையை எடுக்கக் கூடாது என்று நடத்தை விதியிலேயே இருக்கிறது. அண்ணன் விற்கும் மனைக்குத் தங்கை கையெழுத்திட்டால் முதலில் போவது அவள் பதிவுதான். அவள் கரூரில் போடட்டும், நாமக்கல்லில் போடட்டும். உங்கள் மனைக்கு வேறு ஆளைக் கூப்பிடுங்கள், கூப்பிட்டுவிட்டு எவ்வளவு வரும் என்று போன் போட்டுக் கேட்காதீர்கள்.