டௌனியின் ஹோம்ஸ்: எங்கே துள்ளினோம், எங்கே பல்லைக் கடித்தோம்

ராபர்ட் டௌனி ஜூனியர் ஹோம்ஸாகவும் ஜூட் லா வாட்சனாகவும் நடித்து, கை ரிச்சி இயக்கத்தில் 2009 டிசம்பரில் வந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்' படத்தைப் பார்த்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளலாமா? பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், எந்த இடத்தில் துள்ளினீர்கள், எந்த இடத்தில் பல்லைக் கடித்தீர்கள் என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பெரியப்பாவோடு போனேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரைப் படைத்த கானன் டாயிலின் கதைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஜெரமி பிரெட் நடித்த கிரனாடா தொலைக்காட்சித் தொடரைக் கேசட்டில் திரும்பத் திரும்பப் பார்த்து, ஹோம்ஸ் என்றால் அந்த ஒடிசலான முகம்தான், அந்த வெடுக்கென்ற பேச்சுதான் என்று முடிவு கட்டி வைத்திருந்தார். படத்தில் ஹோம்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டு, தன்னைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கிற ஒருவனோடு வெறுங்கையால் குத்துச்சண்டை போடும் காட்சி வருமே, அங்கே பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. விசில் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. இடைவேளையில் வாங்கி வந்த காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இவன் ஹோம்ஸ் இல்லப்பா, கோதாவுல எறங்குற ஆளு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய அலமாரியிலிருந்தே புத்தகங்களை எடுத்துத் தேடினேன். 'நால்வர் சின்னம்' என்று தமிழில் சொல்லக்கூடிய அந்த இரண்டாவது நாவலில், மக்மர்டோ என்ற பழைய குத்துச்சண்டைக்காரன் வாசலில் காவல் நிற்கிறான். யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் உன்னோடு மூன்று சுற்று ஆடியவனை மறந்துவிட்டாயா என்று ஹோம்ஸ் கேட்கிறார். அவன் அசந்துபோய், நீங்கள் மட்டும் இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பீர்கள் என்கிற தொனியில் பேசுகிறான். சைக்கிளில் தனியாகப் போகும் பெண்ணின் கதையில் மதுக்கடையில் வம்புக்கு வந்தவனை ஹோம்ஸ் இடது கையால் ஒரே குத்தாகக் குத்த, அவனை வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். புள்ளிப் பட்டைக் கதையில் முரடன் ஒருவன் வளைத்துப் போட்டுவிட்டுப் போன இரும்புக் கம்பியை, அவன் போன பிறகு ஹோம்ஸ் அலட்டாமல் நிமிர்த்தி வைக்கிறார்.

எல்லாப் பக்கத்திலும் அடையாளம் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாடா? கதையில இது ஓரத்துல ஒரு வரி. அந்தாளு படத்துல இதத் தூக்கி நடு வீட்டுல உக்கார வச்சிருக்கான்." எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

*

எனக்கு ஹோம்ஸெல்லாம் தெரியாது சார். 'அயர்ன் மேன்' பார்த்துவிட்டு டௌனிக்காகப் போன கூட்டத்தில் நானும் ஒருத்தன். உங்கள் பெரியப்பா பெருமூச்சு விட்ட அதே இடத்தில்தான் நான் விசில் அடித்தேன், மன்னித்துவிடுங்கள்.

அந்தக் காட்சியை அடிதடி என்று ஒதுக்குவது சரியில்லை. முதலில் எல்லாம் மெதுவாக ஓடுகிறது. எந்த அடி எங்கே விழும், எந்த விலா எலும்பு உடையும், ஆள் தேறுவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று ஹோம்ஸ் மனசுக்குள் கணக்குப் போடுவது நமக்குக் கேட்கிறது. அப்புறம் அதே அடிகள் நிஜ வேகத்தில், கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன. யோசிக்கிற மனுஷனைத் திரையில் வேறு எப்படித்தான் காட்டுவது? நாற்காலியில் உட்கார்ந்து பைப் பிடிப்பதை ரெண்டு மணி நேரம் காட்டினால் நாங்கள் எழுந்து போயிருப்போம்.

படம் முடிந்த கையோடு முதல் நாவலை வாங்கினேன். 1887இல் வந்தது. பாதி வரை ஜோர். ஹோம்ஸ் ஆளைப் பிடித்து விலங்கும் மாட்டிவிடுகிறார். பக்கத்தைத் திருப்பினால் திடீரென்று அமெரிக்காவில் யூட்டா பாலைவனம், மார்மன் கூட்டம், ஒரு காதல் கதை. ஹோம்ஸைக் காணவே காணோம். அச்சகத்தில் வேறு புத்தகத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கடைக்குப் போய்ச் சண்டை போடக் கிளம்பியவனை நண்பன்தான் தடுத்தான்.

*

நான் வாட்சன் கட்சி. அந்தப் படத்தின் வாட்சனுக்காக ரிச்சியின் மற்ற எல்லாப் பாவங்களையும் மன்னிக்கத் தயார்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பேசில் ராத்போன் ஹோம்ஸாக வருவார், நைஜல் புரூஸ் வாட்சனாக வருவார். அந்த வாட்சன் எப்போதும் திருதிருவென்று விழிக்கிற மாமா. அதைப் பார்த்து வளர்ந்த எங்கள் வீட்டில் வாட்சன் என்றாலே சிரிப்புதான். புத்தகத்தில் அவர் மைவாண்ட் போரில் குண்டடி பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர். 1880இல் ஆப்கானிஸ்தானில் நடந்த போர் அது. குண்டு பட்டது தோளிலா காலிலா என்பதில் டாயிலுக்கே குழப்பம்: முதல் நாவலில் தோள், இரண்டாவதில் கால். படம் காலை எடுத்துக்கொண்டு ஜூட் லாவை லேசாக நொண்ட வைத்து, கையில் வாள் ஒளித்த கைத்தடியையும் கொடுத்துவிட்டது.

படிக்கிறவர்களுக்கு மட்டும் புரிகிற சின்னச் சின்ன சமாசாரங்களும் உண்டு. வாட்சனுக்குச் சூதாட்டப் பழக்கம் இருப்பதாகக் காட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "நல்ல மனுஷனைக் கெடுத்துட்டாங்களே" என்றார். கதையில் வாட்சனே தன் ஓய்வூதியத்தில் பாதி குதிரைப் பந்தயத்தில் போகிறது என்று சொல்கிறார். அவருடைய செக் புத்தகத்தை ஹோம்ஸ் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருப்பது நடனமாடும் பொம்மைகள் கதையில் வருகிறது. ஹோம்ஸ் அறைக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டு, விக்டோரியா ராணியின் முதலெழுத்துகளைச் சுவரில் குண்டு ஓட்டைகளாகப் பொறிப்பதும் டாயில் எழுதியதுதான். நாய்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. முதல் சந்திப்பில், என்னிடம் ஒரு புல்டாக் குட்டி இருக்கிறது என்று வாட்சன் சொல்வார், அதற்கப்புறம் டாயில் அதை மறந்தே போய்விட்டார். படத்தில் அதற்கு கிளாட்ஸ்டன் என்று பெயர் வைத்து, பாவம், ஹோம்ஸின் மருந்துகளுக்குச் சோதனை எலியாக்கி விட்டார்கள்.

பல்லைக் கடித்தது உணவகக் காட்சியில். வாட்சன் தன் வருங்கால மனைவி மேரியை முதல் தடவையாக அறிமுகம் செய்கிறார். ஹோம்ஸ் அவள் விரலைப் பார்த்து, முன்பு ஒரு நிச்சயதார்த்தம் முறிந்திருக்கிறது, வசதியான ஆளுக்காக விட்டுவிட்டாய் என்று உளறுகிறார். அவர் இறந்துவிட்டார் என்று சொல்லி மேரி ஒயினை முகத்தில் ஊற்றிவிட்டுப் போகிறாள். நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் மேரி மார்ஸ்டன் நாவலில் ஹோம்ஸைத் தேடி வரும் கட்சிக்காரர். வருஷத்துக்கு ஒன்றாக வந்த ஆறு முத்துகளையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவளே வருகிறாள். அவளுடைய புத்தியை ஹோம்ஸ் மனசாரப் பாராட்டுகிறார். கல்யாணச் செய்தி கேட்டதும் வாழ்த்த முடியாது என்று முனகுவது உண்மைதான், ஆனால் அது கல்யாணத்தின் மேல் உள்ள கசப்பு. அவளை மட்டமாக நினைத்ததில்லை.

*

மேரிக்கே இப்படி என்றால் ஐரீன் ஆட்லருக்கு நடந்ததை என்னவென்று சொல்வது!

கல்லூரியில் எங்களுக்கு 'பொஹீமிய அரசனின் அவமானம்' கதை பாடமாக இருந்தது. 1891இல் வந்த சிறுகதை. ஐரீன் ஒரு ஆபரா பாடகி. அரசனோடு எடுத்த புகைப்படம் அவளிடம் இருக்கிறது, அதைப் பறிக்க ஹோம்ஸ் பாதிரியார் வேஷம் போட்டுப் போகிறார். அன்றிரவு பேக்கர் தெருவில் வீட்டுக் கதவைத் திறக்கும் நேரத்தில், நீண்ட கோட்டு போட்ட ஒரு பையன் "குட் நைட், மிஸ்டர் ஷெர்லாக் ஹோம்ஸ்" என்று சொல்லிக்கொண்டே போகிறான். எங்கேயோ கேட்ட குரலாயிற்றே என்று யோசிக்கிறார் ஹோம்ஸ். பையன் வேஷத்தில் போனது ஐரீன். மறுநாள் காலையில் அவள் தன் கணவனோடு ஊரை விட்டே போய்விடுகிறாள். அரசன் பரிசாக நீட்டிய மோதிரத்தை ஹோம்ஸ் வேண்டாம் என்று சொல்லி, அவளுடைய புகைப்படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். காதல் இல்லை என்று வாட்சன் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார்.

படத்தில் அவள் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியின் மிரட்டலுக்குப் பயந்து வேலை செய்யும் திருடி. பன்றி வெட்டும் கூடத்தில் சங்கிலியில் தொங்கவிட்டு ரம்பத்தை நோக்கி நகர்த்துகிறார்கள், ஹோம்ஸ் ஓடி வந்து காப்பாற்றுகிறார். 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆரம்பத்திலேயே தேநீரில் விஷம் வைத்துக் கதையை முடித்துவிட்டார்கள். பிபிசியின் 'ஷெர்லாக்' தொடரில் வந்த ஐரீனையும் கடைசியில் கராச்சியில் ஹோம்ஸ்தான் வாளோடு போய்க் காப்பாற்ற வேண்டியிருந்தது. டாயில் கதையில் அவளை யாரும் காப்பாற்றவில்லை. அவள் ஜெயித்துவிட்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குத்துச்சண்டைக்கு மேற்கோள் தேடுகிற நண்பர்கள் இதற்கும் ஒன்றைத் தேடிக் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்.

*

லண்டனிலிருந்து எழுதுகிறேன். நார்தம்பர்லேண்ட் தெருவில் ஷெர்லாக் ஹோம்ஸ் பெயரில் ஒரு பப் இருக்கிறது. மாடியில் ஹோம்ஸின் வரவேற்பறையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். 1951 கண்காட்சி ஒன்றுக்காகச் செய்த அறை அது, பின்னால் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது.

படம் வந்த சமயத்தில் ஒருநாள் ஓர் அப்பா, காது மடல் வைத்த தொப்பியை மகன் தலையில் வைத்துப் படம் எடுக்கப் பார்த்தார். பையன் கழற்றிவிட்டு, "ஹோம்ஸ் இதையெல்லாம் போட மாட்டார்" என்றான். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! டௌனி படத்தில் அந்தத் தொப்பி வராது. அந்தத் தொப்பியைப் பிரபலமாக்கியது கதைக்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட். டாயில் எழுதியது காது மடல் வைத்த பயணத் தொப்பி என்ற அளவில்தான், அதுவும் ரயில் பயணத்தில்.

அப்புறம் ஒன்று. படத்தின் லண்டனில் கொஞ்சம் லிவர்பூல், கொஞ்சம் மான்செஸ்டர். கடைசிச் சண்டை நடக்கும் பாதி கட்டிய டவர் பாலம் கணினியில் செய்தது. ஆனால் காலக்கணக்கு சரி: 1886இல் ஆரம்பித்த வேலை 1894இல்தான் முடிந்தது. அந்தப் பாலத்தை இப்போது கடக்கும்போதெல்லாம் மேலே அண்ணாந்து பார்க்கிறேன், அந்த அளவுக்குப் படம் மனசில் ஒட்டிவிட்டது.

*

எனக்குப் படம் பிடிக்கவில்லை. காரணம் சண்டை இல்லை, தொப்பி இல்லை, ஐரீன்கூட இல்லை. அவளைப் பற்றி எழுதிய தோழி சொன்னது முழுக்க நியாயம் என்றாலும்.

வில்லன் பிளாக்வுட் என்ன செய்கிறான்? தூக்கில் தொங்கிச் செத்து எழுந்து வருகிறான். பாராளுமன்றத்தையே விஷவாயு வைத்துக் கொன்று, இங்கிலாந்தைப் பிடித்து, அமெரிக்காவையும் திரும்பப் பிடிக்கத் திட்டம் போடுகிறான். அவனுடைய மந்திரத்துக்கெல்லாம் பின்னால் ரசாயனம் இருக்கிறது என்று ஹோம்ஸ் கடைசியில் விளக்குவது டாயிலுக்குப் பொருத்தம்தான். 'பாஸ்கர்வில் நாய்' நாவலிலும் அதேதான் நடக்கிறது.

ஆனால் நான் ஹோம்ஸைத் தேடிப் போவது உலகத்தைக் காப்பாற்றுவதற்காக இல்லை. செம்பட்டை முடி இருக்கிற ஒரே தகுதிக்காக, வாரம் நாலு பவுன் சம்பளத்துக்கு ஒருவர் கலைக்களஞ்சியத்தை 'ஏ' எழுத்திலிருந்து கையால் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு பெண்ணுக்கு வருஷம் 120 பவுன் சம்பளம் தருகிறோம், கூந்தலை மட்டும் வெட்டிக்கொள் என்கிறார்கள். கிறிஸ்துமஸ் வாத்தின் தொண்டைக்குள் நீலக்கல் கிடைக்கிறது. ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இது ரொம்பச் சின்ன விஷயம், உங்கள் நேரத்தை வீணாக்குகிறேனோ என்று தயங்குவார். ஹோம்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முழுசாகச் சொல்லுங்கள் என்பார். அந்த இடம்தான் எனக்கு வேண்டும். இரண்டு பாகத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு கட்சிக்காரர் அந்த அறைக்குள் வந்து உட்காரவே இல்லை.