கொல்லிமலைக்குக் கட்டுச்சோறு

குழு: அப்புச்சி வீடு

மாமா: வர்ற வெள்ளிக்கிழமை கொல்லிமலை உறுதி. செம்மேட்டுக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துல கூடாரம் போட இடம் சொல்லியாச்சு. ரெண்டு ராத்திரி. பெரியவங்க 8, பொடுசு 3. சாப்பாட்டுக்குத் தலைக்கு ஆயிரம் போட்டுருங்க.

பெரியம்மா: ஆயிரமா? எதுக்குத் தம்பி அவ்வளவு?

மாமா: கடையில சாப்பிட்டா அதுக்கு மேலயே ஆகும் அக்கா.

நான்: கடையில எதுக்குங்க மாமா சாப்பிடோணும்? பணம் வேண்டாம், வேளையைப் பிரிச்சுக்கலாம். வெள்ளி மத்தியானத்துல இருந்து ஞாயிறு காலை வரைக்கும் ஆறு வேளை. நாலு வீடு. சாமான் லிஸ்ட் போட்டா நாலு வீடும் வெங்காயம் தக்காளியைத் தூக்கிட்டு வருவோம். வேளைக்கு ஒரு வீடுன்னு வெச்சா எதுவும் வீணாகாது.

சித்தி: நல்ல யோசனை. வெள்ளி மத்தியானம் யாரு?

தம்பி: அம்மாயி (பாட்டி) பக்கத்துல இருக்காங்க. கட்டுச்சோறு அவங்க பொறுப்பாம். வேற யாரும் கை வைக்கக் கூடாதாம்.

அத்தை: ஆமா, இப்பவே புளி எடுத்து வெச்சாச்சு 😄

பெரியம்மா: அம்மாகிட்ட கேளு, போற வழியில வேர்த்துப் போகாதா? மே மாச வெயிலு.

தம்பி: சொல்றாங்க, அப்படியே டைப் பண்றேன். "சோத்தைக் குழைய விடாத. வடிச்சதும் தாம்பாளத்துல கொட்டி, நல்லெண்ணெய் ஊத்தி, கரண்டிக் காம்புல கிளறி ஆற விடோணும். சுடச்சுட டப்பாவுல அடைச்சா மூடியில தண்ணி கோத்து சோத்துமேல சொட்டும், அங்கதான் கெட்டுப்போகும். புளிக்காய்ச்சல் எண்ணெய் மேல மிதந்து வர்ற வரைக்கும் சுண்டோணும். ஈரக் கரண்டி படவே கூடாது."

தம்பி: இன்னொன்னு. ஒரு கிலோ அரிசிக்குத் தேவையானதுக்கு ரெண்டு மடங்கு புளிக்காய்ச்சல் போடறாங்களாம். பாதி பாட்டில்ல தனியா வருமாம்.

நான்: அம்மாயிக்கு ஒரு முத்தம் குடு. அந்தப் பாதியிலயே ஞாயிறு காலையும் முடிஞ்சுது. அரைக் கிலோவுக்கு மேல கொஞ்சம் கெட்டி அவலை எடுத்து, தண்ணியில அலசி வெச்சு, புளிக்காய்ச்சல் கலந்து, வறுத்த நிலக்கடலை போட்டாப் போதும். கிளம்பற அவசரத்துல அடுப்பே பத்த வைக்க வேண்டாம்.

பெரியம்மா: குழந்தைக புளிச்சோறு தொடாதுக.

அத்தை: அதுகளுக்குத் தயிர்சோறு அண்ணி. சோத்தைக் குழைச்சு, காய்ச்சி ஆறுன பால் ஊத்தி, கிளம்பும்போது ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவேன். மத்தியானத்துக்குப் புளிக்காம இருக்கும்.

நான்: ஆனா காரவள்ளி அடிவாரத்துல யாருக்கும் சாப்பாடு கிடையாது. 70 கொண்டை ஊசி வளைவு. வயித்தை ரொப்பிட்டு ஏறுனா பொடுசுக பாதி வழியிலயே வாந்தி எடுக்கும். காலையில லேசா இட்லி, ஏறும்போது வாயில உப்பு நாரத்தங்காய். மேல போய்க் கூடாரம் போட்டுட்டுத்தான் கட்டுச்சோறு.

பெரியம்மா: அப்ப வெள்ளி ராத்திரி எனக்கு. பொடி தடவுன இட்லி. ஆளுக்கு அஞ்சுன்னு 55. எண்ணெய் தாராளமா விட்டுத் தடவிக் கொண்டாரேன், வறண்டு போகாது. தேங்காய்ச் சட்னி கிடையாது, யாரும் கேக்காதீங்க. பொழுதோட ஊசிப்போகும்.

சித்தி: சனி காலை நானு. ரவையை வறுத்து, கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, வரமிளகா, கருவேப்பிலை எல்லாம் இங்கயே தாளிச்சு உப்போட கலந்து தூக்குப் போசியில போட்டுருவேன். கருவேப்பிலை மொறுமொறுன்னு பொரிஞ்சாத்தான் ஈரம் இருக்காது. அங்க தண்ணி கொதிக்க வெச்சு, ஒரு டம்ளர் ரவைக்கு ரெண்டரை டம்ளர் கணக்குல கொட்டிக் கிளறுனா உப்புமா. 

மாமா: சனி ராத்திரி நெருப்பு மூட்டிக் கோழி சுடலாம். வீட்டுல இருந்தே மசாலா தடவி எடுத்துட்டு வந்துடறேன்.

நான்: வெள்ளி காலையில தடவுன கோழி, ஐஸ் இல்லாம சனி ராத்திரி வரைக்குமா? வேண்டாமுங்க மாமா. குழந்தைக வயித்தோட விளையாட வேண்டாம்.

சித்தி: காட்டோரத்துல நெருப்பும் வேண்டாங்கண்ணா. சருகு காஞ்சு கிடக்கற நேரம். 2018ல குரங்கணிக் காட்டுத்தீயில எத்தனை உசுரு போச்சு.

மாமா: அது சரிதான். அப்பக் கோழியே இல்லையா? 😢

அத்தை: சனிக்கிழமை சாயங்காலம் செம்மேட்டுலயே வாங்கி அப்பவே சமைச்சுருங்க. பள்ளிபாளையம் சிக்கனுக்கு மசாலாப் பொடியே வேண்டாமே. சின்ன வெங்காயம், விதை தட்டுன வரமிளகா, பூண்டு, தேங்காய்ப் பல்லு, எண்ணெய், மஞ்சள், உப்பு. அவ்வளவும் ஒரு சின்னப் பையில அடங்கும். ரெண்டு கிலோ போதும், கூட வெறும் சோறு, ரசம்.

மாமா: அது என் பொறுப்பு. நானே வதக்குறேன்.

நான்: சனி மத்தியானம் நானு. அரிசிம்பருப்புதான். ஒன்னேகால் கிலோ பொன்னி அரிசி, 400 கிராம் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு. இவ்வளவு கம்மிக் காசுல 11 பேர் வயிறார வேற எது சாப்பிட முடியும் சொல்லுங்க? அரிசியையும் பருப்பையும் அளந்து ஒரே பையில போட்டுக் கொண்டாந்துருவேன். குக்கர் கட்டாயம் வேணும். கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேல, அங்க தண்ணி 97 டிகிரிக்குள்ளயே கொதிச்சிரும். தொறந்த சட்டியில பருப்பு லேசுல வேகாது, கேஸ்தான் வீணாகும்.

தம்பி: அக்கா, 10 லிட்டர் குக்கர்ல ஒரே தடவையில வெச்சுருவீங்களா?

நான்: இல்ல தம்பி, ரெண்டு தடவை. பருப்பு நுரைச்சு வரும், பாதிக் குக்கருக்கு மேல ரொப்பக் கூடாது.

பெரியம்மா: தொட்டுக்க?

நான்: அப்பளம், ஊறுகா. நாமக்கல் வழியாத்தான போறோம், ஒரு தட்டு முட்டை வாங்கிக்கலாம். வேக வெச்சா அரிசிம்பருப்புக்கும் ஆச்சு, குழந்தைகளுக்குச் சாயங்காலத்துக்கும் ஆச்சு.

சித்தி: தீனி? சிப்ஸ் பாக்கெட்டுக்கே ஐநூறு போயிரும்.

அத்தை: பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை கலந்து ஒரு டப்பா. எள்ளுருண்டை நான் புடிக்கிறேன். பழம் இங்க இருந்து தூக்க வேண்டாம், சோளக்காடு சந்தையில மலைவாழை, பலா, அன்னாசி எல்லாம் கிடைக்கும்.

நான்: ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும்போது தீனி கையில வேண்டாம், கவர் சத்தம் கேட்டாலே குரங்கு வந்துரும். ஆயிரம் படி ஏறி வரணும், தண்ணி மட்டும் போதும். தண்ணிக்கு 20 லிட்டர் கேன் ரெண்டு, ஆளுக்கொரு சில்வர் பாட்டில். பாட்டில் பாட்டிலா வழியெல்லாம் வாங்குனா அதுவே ஒரு கோழி விலை. தட்டு டம்ளரும் அவங்கவங்க வீட்டுது. பிளாஸ்டிக் தட்டுக்கு 2019ல இருந்தே தடை.

மாமா: சரி கண்ணு. அப்ப ஆயிரம் வேண்டாம். கோழி, முட்டை, தண்ணி, பழம், பால், கேஸ். இதுக்கு மட்டும் தலைக்கு 200 போடுங்க. பொடுசுகளுக்கு வேண்டாம்.

பெரியம்மா: இப்பச் சொன்னியே, இது பேச்சு 👍

சித்தி: அடுப்பு யாரு கொண்டாறது?

மாமா: என்கிட்ட 5 கிலோ சிலிண்டரும் ஒத்தை அடுப்பும் இருக்கு. டியூப் பழசு, நாளைக்கே மாத்திடறேன். கார்ல நிக்க வெச்சுத்தான் கொண்டாரணும், கண்ணாடி இறக்கியே இருக்கட்டும்.

தம்பி: அம்மாயி கேக்கறாங்க, வாழையிலையை அனல்ல வாட்டி மடிச்சுக் கொண்டாறது யாருன்னு.

சித்தி: எங்க தோட்டத்துல 15 இலை அறுத்துக்கறேன். வியாழன் சாயங்காலம் வந்து வாங்கிக்கிட்டுப் போ சாமி.