புதுப்பிப்பு: கீழக்கரையில் பார்த்த வீ யூவை வாங்கிவிட்டேன்

வளைகுடாவிலிருந்து திரும்பிய அண்ணன் ஒருவர் விற்கும் நின்டெண்டோ வீ யூ என்ற பழைய காணொளி விளையாட்டுக் கருவியை வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன், வருத்தமே இல்லை.

2012இல் வந்த இந்தக் கருவி சுமார் 1.36 கோடிதான் விற்றது. 2017இல் உற்பத்தியும் நின்றது. விளையாட்டுகளை வாங்கும் அதன் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். எனவே விளையாட்டு வட்டுகளோடு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். வட்டும் கருவியும் ஒரே விற்பனை மண்டலத்தைச் சேர்ந்தவையா என்பதையும் கட்டாயம் பாருங்கள், மாறினால் ஓடாது. இதற்கு முந்தைய கருவியான வீயின் வட்டுகளும் இதில் ஓடுவது பெரிய வரம்.

கையில் பிடித்து ஆடும், திரையுள்ள இயக்கியான கைத்திரையின் மின்னேற்று முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நம் உப்புக்காற்றுக்கு எதுதான் தப்பும்? பஞ்சால் துடைத்ததும் விளக்கு எரிந்தது. அம்மா தொலைக்காட்சியில் தொடர் பார்க்க, தம்பி அந்த 6.2 அங்குலத் திரையிலேயே விளையாடுகிறான்.